‘பையன் படிக்கானா சார்?’ என்று மட்டும் கேட்கும் பெற்றோரிடம் வகுப்பைப் பற்றி என்ன சொல்வது?

டீச்சர், நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். ஆலங்குளம் பக்கம் ஓர் உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு உங்கள் பொறுப்பு, 34 பிள்ளைகள். ஜூன் மாதமே வாட்ஸ்அப் குழு தொடங்கி, வாராவாரம் என்ன பாடம் நடந்தது, என்ன நோக்கம், அடுத்து என்ன என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள். எல்லாரும் பார்க்கிறார்கள், ஒருவரும் பதில் சொல்வதில்லை. கூட்டம் போட்டால் ஒன்பது பேர் வந்து, ‘பையன் படிக்கானா?’ என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போகிறார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லையா, நான் சொல்கிற விதம் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதற்குள் வேறொரு கேள்வி கேட்கிறது: இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்த அம்மா என்ன செய்ய வேண்டும் என்று நாம் நினைக்கிறோம்? அதை நீங்கள் முடிவு செய்துவிட்டால் மற்றது சுலபம்.

நான் 31 வருடம் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுத்தவன். முதல் பாதி தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர், பிற்பாதி உங்கள் பக்கத்தைப் போலப் பீடி சுற்றுகிற ஊர். தனியார் ஆங்கிலப் பள்ளியில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை, அங்கே பெற்றோரின் கவலை வேறு மாதிரி இருக்கும். ஆகவே நான் சொல்வதை அரசு, உதவிபெறும் பள்ளிக்காரர்களுக்கு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத ஒன்று. பெற்றோரிடம் சொல்வது தலைமை ஆசிரியர் கூடுதலாகச் சுமத்திய வேலை என்று சிலர் முணுமுணுப்பார்கள். 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு இதை ஆசிரியரின் கடமை என்றே சொல்கிறது. பெற்றோரை அவ்வப்போது கூட்டி, பிள்ளை ஒழுங்காக வருகிறதா, கற்கும் திறன் எப்படி, எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள் என்பதும் அதே சட்டம்தான். ஆனால் அந்தக் குழுக் கூட்டத்தில் கழிப்பறை, காம்பவுண்டு சுவர், தண்ணீர்த் தொட்டி என்று பேசவே பொழுது போய்விடும். உங்கள் ஏழாம் வகுப்பின் பாடம் அங்கே பேச்சுக்கு வராது. அதற்கு நீங்கள்தான் வழி பார்க்க வேண்டும்.

உங்கள் செய்தி ஒன்றை எடுத்துப் போட்டிருந்தீர்கள்: ‘இவ்வாரம் நேர் மற்றும் எதிர் விகிதங்கள் அலகு தொடங்கப்பட்டது. மாணவர்கள் இரு மாறிகளுக்கு இடையேயான விகிதத் தொடர்பைப் புரிந்துகொண்டு வாழ்வியல் சூழல்களில் பயன்படுத்தும் திறன் பெறுவர்.’ இது பாட ஆசிரியர் குறிப்பேட்டில் இருக்க வேண்டியது. பார்வைக்கு வருகிற அதிகாரிக்குப் புரியும். 2018-இலிருந்து வந்த புதிய புத்தகங்களில் ஒவ்வொரு பாடத்தின் தலைப்பிலும் ‘கற்றல் நோக்கங்கள்’ என்று அச்சடித்தே இருக்கிறது, நாமும் அதை அப்படியே எடுத்து அனுப்பிவிடுகிறோம். பெற்றோருக்கு அனுப்புவதாக இருந்தால் அந்த நோக்கத்தை ஒரு செயலாக்க வேண்டும். பிள்ளை எதைச் செய்து காட்டினால் பாடம் வந்துவிட்டது என்று அர்த்தம்? அந்தச் செயலை அம்மா வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிய வேண்டும். அவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது.

நான் கடைசிப் பத்து வருடம் செய்தது இதுதான். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் கரும்பலகையில் மூன்று வரி எழுதுவேன், பிள்ளைகள் அதற்கென்று வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டில் பார்த்து எழுதுவார்கள். ‘இந்த வாரம் நேர் விகிதம் படித்தோம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்றால் 650 பீடிக்கு எவ்வளவு என்று நான் கணக்குப் போட வேண்டும். போடச் சொல்லிப் பாருங்கள், எப்படி வந்தது என்றும் கேளுங்கள்.’ அவ்வளவுதான். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும், கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், கையெழுத்து வாங்கி வர வேண்டும். கையெழுத்துத் தெரியாத அம்மா என்றால் பெருவிரல் வேண்டாம், ஒரு புள்ளி வைத்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். வாசிப்பதற்கும் ஒரு பயிற்சி ஆயிற்று.

அந்த முதல் வாரம் ஒரு பிள்ளையின் வீட்டுக்குத் தற்செயலாகப் போயிருந்தேன். அம்மா திண்ணையில் மடியில் சுளகை வைத்து, வெட்டின இலையை ஒரு பக்கமும் தூளை ஒரு பக்கமும் குவித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பிள்ளை தரையில் குப்புறப் படுத்து ‘ஆயிரத்துக்கு... அப்போ ஒன்றுக்கு...’ என்று வகுத்துக்கொண்டிருந்தது. புள்ளிக்குப் பிறகு எண்ணை எங்கே வைப்பது என்று தடுமாறும்போதே அம்மா சுற்றுவதை நிறுத்தாமல் விடையைச் சொல்லிவிட்டார். ‘எப்படிம்மா?’ என்றது பிள்ளை. ‘ஆயிரத்துல பாதி ஐநூறு. அப்புறம் ஒரு நூறு. அப்புறம் அந்த நூறுல பாதி. மூணையும் கூட்டு’ என்றார். மூன்று பீரியட் நான் சொல்லிக்கொடுத்ததை அவர் ஒரு மூச்சில் முடித்துவிட்டார். திங்கட்கிழமை அந்த வழியையும் கரும்பலகையில் போட்டேன், யாருடைய வழி என்றும் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த அம்மா பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வராமல் இருந்ததில்லை. வந்தால் ‘படிக்கானா’ என்று கேட்க மாட்டார், ‘இந்த வாரம் போட்ட கணக்குல எத்தன பேருக்கு வந்துது சார்?’ என்று கேட்பார்.

அறிவியலுக்கும் இப்படியே செய்யலாம். ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில் அளவீட்டியல் வருகிறது. ‘ஒழுங்கில்லாத கல் ஒன்றின் கனஅளவைத் தண்ணீரில் போட்டுக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிய வேண்டும், ஒரு கல்லும் அளவு டம்ளரும் கொடுங்கள்’ என்று எழுதினால் வீட்டில் நடக்கும். சமூக அறிவியலில் இது அவ்வளவு எளிதாக வராது, நான் அதை எடுத்ததும் இல்லை. இலக்கணத்துக்குத் தமிழய்யாவைக் கேளுங்கள்.

இதே உற்சாகத்தில் நான் ஒரு தப்பும் செய்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் பருவத்தில் விழுக்காடும் தனிவட்டியும் வருகிறது. ‘வீட்டில் வாங்கியிருக்கும் கடனுக்கு வட்டி கணக்கிட்டு வா’ என்று மூன்றாவது வரியாக எழுதிவிட்டேன். பீடிக் கூலிக் கணக்கு நன்றாகப் போனதே, இதுவும் போகும் என்று நினைப்பு. மறுநாள் ஒரு பெண் பிள்ளை அசல், வட்டி, மாதம் எல்லாம் அழகாகக் கட்டம் போட்டு எழுதி வந்து வகுப்பில் வாசித்தது. பக்கத்து வீட்டுப் பையனும் அதே வகுப்பு. சாயங்காலம் அந்த அம்மா வந்துவிட்டார். ‘எங்க கடன எதுக்கு சார் நோட்டுல எழுதச் சொன்னிய? அவ அப்பாவுக்கே தெரியாது’ என்றார். அப்பா சென்னையில் மளிகைக் கடையில் இருக்கிறார். கூலி ஊரறிந்த விஷயம், கடன் அப்படி இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. போதாக்குறைக்குக் கணக்கே பொருந்தாது. மகளிர் குழுக் கடனில் அசல் குறையக் குறைய வட்டி குறைவதாக வைத்திருப்பார்கள், புத்தகத்தில் இருக்கும் தனிவட்டிச் சூத்திரத்தைப் போட்டால் வேறு தொகை வரும். ‘குழுவில் ஏமாற்றுகிறார்கள்’ என்று இன்னொரு பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லியிருந்தது. அடுத்த வருடத்திலிருந்து வட்டிக்குக் கற்பனை எண்தான்.

இப்போது மதிப்பெண் அட்டை. இங்கேதான் நம் பெற்றோருக்கு மெய்யாகவே தகவல் போய்ச் சேர்வதில்லை என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அது சரியான கொள்கை என்பதுதான் என் கருத்தும். ஆனால் ‘பாஸ்’ என்ற சொல் பெற்றோருக்கு ஒரு செய்தியும் சொல்லாது. அப்புறம் 2012–13-இல் முப்பருவ முறை வந்ததிலிருந்து நூறு மதிப்பெண்ணில் 40 வகுப்பு நடக்கும்போதே நாம் போடுகிற வளரறி மதிப்பீடு, 60 பருவ முடிவில் எழுதுகிற தொகுத்தறித் தேர்வு. அந்த நாற்பதில் செயல்பாடு, ஒப்படைப்பு, சிறு தேர்வு எல்லாம் சேர்த்து நாம் தாராளமாகப் போட்டுவிடுவோம், இதை நமக்குள் ஒளிக்க வேண்டாம். ஒரு பிள்ளைக்கு 40-க்கு 36, 60-க்கு 17 என்று வையுங்கள். மொத்தம் 53, அட்டையில் சி1. அப்பா அதைப் பார்த்துப் ‘பாதிக்கு மேல எடுத்திருக்கான், பரவாயில்ல’ என்று கையெழுத்துப் போடுவார். அந்தப் பிள்ளை எழுத்துத் தேர்வில் மூன்றில் ஒரு பங்குகூட எடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து காலாண்டு முடிந்து மதிப்பெண் வரும்போதுதான் வீட்டில் இடி விழும். ‘எட்டாவது வரைக்கும் நல்லாத்தானே படிச்சான்’ என்று நம்மிடம் வந்து நிற்பார்கள். நான் இப்படி மூன்று நான்கு அப்பாக்களுக்கு முகம் கொடுக்க முடியாமல் நின்றிருக்கிறேன். அதனால் அட்டை கொடுக்கும் நாளில் மொத்தத்தைச் சொல்லாதீர்கள். ‘எழுத்துத் தேர்வில் 60-க்கு இவ்வளவு’ என்ற ஒன்றை மட்டும் தனியாக, வாயால் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். ஒருவர் பிள்ளையின் மதிப்பெண்ணை 33 வீட்டுக்குக் காட்டுவது எந்த நோக்கத்துக்கும் உதவாது.

ஏழாம் வகுப்புப் பெற்றோரிடம் வருடத் தொடக்கத்திலேயே சொல்லியாக வேண்டிய இன்னொன்று என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. எட்டாம் வகுப்பில் எழுதுவது, தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். நான்கு வருடத்தில் 48,000. பெற்றோர் வருமானம் வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், பிள்ளை அரசுப் பள்ளியிலோ உதவிபெறும் பள்ளியிலோ படிக்க வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும் என்பது. பட்டியல் இன, பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஐந்து விழுக்காடு தளர்வு உண்டு. மேலே சொன்ன 53-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பில் விண்ணப்பம் வரும்போது சொன்னால் பாதிப் பேருக்குக் காலம் கடந்திருக்கும். ‘நன்றாகப் படிக்க வேண்டும்’ என்று பொதுவாகச் சொல்வதைவிட இப்படி ஒரு எண்ணும் ஒரு தொகையும் உள்ள இலக்கு எந்த வீட்டுக்கும் புரியும். மனத்திறன் தேர்வு 90 கேள்வி, படிப்புத் திறன் தேர்வு 90 கேள்வி. படிப்புத் திறன் பகுதிக்கு ஏழாம் வகுப்புப் பாடமும் அடிப்படை என்பதால் உங்கள் வெள்ளிக்கிழமை வரிகளை இதோடு இணைத்துச் சொல்லலாம்.

எந்த வழியில் சொல்வது என்பதற்கு வருகிறேன். வாட்ஸ்அப்பை விட வேண்டாம், ஆனால் அதை நம்பவும் வேண்டாம். உங்கள் 34 எண்ணில் எத்தனை அம்மா கையில் இருக்கிறது என்று ஒருமுறை பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் வகுப்பில் கேட்டபோது பாதிக்கு மேல் அப்பா எண். அதில் சிலர் சென்னையிலும் மும்பையிலும் கடையில், இருவர் வளைகுடாவில். வீட்டில் இருப்பது பட்டன் போன். அவர்கள் பார்க்கத்தான் பார்ப்பார்கள், ராத்திரி கடை அடைத்த பிறகு பிள்ளையிடம் பேச நேரம் இருக்காது. அவர்களுக்கு எழுத்தைவிட அரை நிமிடக் குரல் செய்தி நல்லது. ‘அண்ணாச்சி, இந்த வாரம் பிள்ளை இதைப் படித்திருக்கு, போன் பேசும்போது இதைக் கேளுங்க’ என்று உங்கள் குரலில் போனால் கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நோட்டுதான்.

கூட்டத்தை நாள் பார்த்துப் போடுங்கள். ஆற்றுப்பாசன ஊர்களில் கார் பருவ நெல் நடவு நடக்கும்போது யாரும் வர மாட்டார்கள், அடுத்த பருவமான பிசான நெல் அறுப்பு சமயத்திலும் அதே கதைதான். கோயில் கொடை நடக்கிற வாரம் கூட்டம் என்று சொன்னால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குக் கிளம்பிவிடுவார்கள், வகுப்பே பாதிதான் இருக்கும். பீடி ஊரில் வேறு வசதி உண்டு. சுற்றினதைக் கொடுக்கப் பெண்கள் பீடிக் கடைக்கு வருகிற நேரம் ஊரெல்லாம் தெரிந்தது. கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அங்கே இருபது நிமிடம் நின்றால் கூட்டத்துக்கு வராத பதினைந்து பேரைப் பார்த்துவிடலாம். அங்கே நின்று எந்தப் பிள்ளையையும் குறை சொல்லக் கூடாது, அது மட்டும் விதி. இதைப் பள்ளியில் சிலர் கேலி செய்வார்கள். எனக்கும் முதல் நாள் கூச்சமாகத்தான் இருந்தது.

குறை சொல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதில் நான் எனக்குள்ளேயே முழுதாகத் தெளிந்தவன் இல்லை. ஆரம்ப வருடங்களில் ‘வகுப்பில் கவனமில்லை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒரு பையன் மறுநாள் முதுகில் தழும்போடு வந்தான். கூட்டத்திலேயே ‘நாலு சாத்து சாத்துங்க சார்’ என்று சொல்கிற அப்பாக்கள் உள்ள ஊரில் அந்த ஒற்றை வரி வேறு எப்படிப் படிக்கப்படும்? அதோடு குறை எழுதுவதையே நிறுத்திவிட்டேன், பாராட்டு மட்டும். அதுவும் சரியில்லை என்று பின்னால் தோன்றியது. அமெரிக்காவில் மேத்யூ கிராஃப்ட், டாட் ரோஜர்ஸ் என்ற இருவர் 2015-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. தோற்ற பாடத்தைக் கோடை விடுமுறையில் திரும்பப் படித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் வீட்டுக்கு ஆசிரியர் சார்பில் வாரம் ஒரே ஒரு வாக்கியம் போயிற்று. செய்தி போகாதவர்களில் 15.8 விழுக்காடு தேறவில்லை, போனவர்களில் 9.3 விழுக்காடு. பாராட்டு வரியைவிட, எதைத் திருத்த வேண்டும் என்று சொன்ன வரி கூடுதலாக உதவியது. வயதும் ஊரும் வேறு, அங்கே தழும்போடு வந்தார்களா என்று அந்த எண்கள் சொல்லாது. ஆகவே நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: ஒரு வரி போதும், அந்த வரியில் செய்ய வேண்டியது இருக்க வேண்டும். ‘கவனமில்லை’ என்பதை ‘ஏழாம் வாய்ப்பாடு தடுமாறுகிறது, திங்கட்கிழமைக்குள் பத்துத் தடவை சொல்லச் சொல்லுங்கள்’ என்று எழுதினேன். அடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. எல்லா வீட்டிலும் அடி நின்றது என்று சொல்ல மாட்டேன்.

தலைமை ஆசிரியருக்கு வாராந்திர அறிக்கை வேண்டும் என்றால் கரும்பலகையில் எழுதின மூன்று வரியைப் போட்டோ எடுத்து வையுங்கள், தனியாக எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வகுப்புக்கு ஒருநாள் பத்து நிமிடத்துக்கு மேல் இதற்குச் செலவானால் செப்டம்பரிலேயே விட்டுவிடுவீர்கள், நானே இரண்டு முறை அப்படி விட்டவன்.

மூன்று வரிக்குக் கீழே நான்காவதாக ஒரு வரியைக் காலியாக விடச் சொல்லுங்கள், பெற்றோர் ஏதாவது சொன்னால் பிள்ளை எழுதி வருவதற்கு. பெரும்பாலும் காலியாகத்தான் வரும். ‘எங்களுக்கு என்ன சார் தெரியும், நீங்கதான் பாத்துக்கிடணும்’ என்று எழுதி வந்ததும் உண்டு. ஒரு வாரம், ஆச்சியிடம் வளர்கிற ஒரு பெண் பிள்ளையின் நோட்டில், ஆச்சி சொல்ல அதுவே எழுதியிருந்தது: ‘இவளுக்கு போர்டு தெரியல. பக்கத்துப் பிள்ள நோட்டப் பாத்துத்தான் எழுதுதா.’ ஜூனிலிருந்து என் வகுப்பில் நான்காவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளை. கணக்கில் தப்பு விடும்போதெல்லாம் எண்ணைச் சரியாகப் பார்த்து எழுது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். மறுநாள் முன் பெஞ்சுக்கு மாற்றினேன், அடுத்த வாரம் ஆச்சி அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்.